குறுக்கீட்டுக்காரர்

என் தங்கை புருஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அரசாங்கக் காகிதங்களைத் தவிர வேறு எதிலும் அது புழங்கவில்லை. சொந்தத்தில் அவர் மயிரிழை. அவர் வேலை பார்த்த ஆய்வகத்தில் மயிரிழை சார். அந்த 'சார்' மரியாதைக்காக ஒட்டியது என்று கடைசிவரை நம்பினார்.

எதைப் பார்த்தாலும் அவருக்கு அது ஒரு மயிரிழை தள்ளியிருக்கும், இல்லையென்றால் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மச்சான், இந்தக் காலண்டர் ஒரு மயிரிழை சாய்ஞ்சிருக்கு."

எங்கள் அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து கேட்டார்: "சாய்ஞ்சா என்ன மாப்பிள்ளை, தேதி கீழ விழுந்துடுமா?"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணியைப் பிடுங்கினார். காரை பெயர்ந்து தரையில் கொட்டியது. அதற்குப் பிறகு அந்தச் சுவரில் காலண்டரே மாட்ட முடியவில்லை. அவர் கைவைத்த எதற்கும் பெரும்பாலும் இந்த முடிவுதான். ஆனால் அவர் கணக்கில் அது சரிசெய்யப்பட்டுவிட்டதாகத்தான் இருக்கும்.

இது அவர் இரத்தத்தில் ஊறியது. அவருடைய தாத்தா அடுத்தவர் வீட்டுப் பாகப்பிரிவினையில் போய் உட்கார்ந்து அண்ணன் தம்பி இருவரும் தன்னையே அடிக்கும்படி செய்தவர். அத்தை ஒருத்தி இருந்தாள். பிரசவ அறைக்குள் நுழைந்து மருத்துவச்சிக்கு யோசனை சொன்னவள். அப்பா கொஞ்சம் அடங்கியவர் என்பார்கள். எனக்கென்னவோ அவருக்குக் காது கேட்காததால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது சரியாகத் தெரியாமல் போயிற்று என்றுதான் தோன்றுகிறது.

மயிரிழை வேலை பார்த்த ஆய்வகத்தில்தான் நானும் இருந்தேன். அவர் உள்ளே, நான் வெளியே. ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டினேன். என் படிப்புக்கு அந்த இடத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதே பெரிய காரியம். ஆனால் பஸ்ஸில் ஏறுகிற விஞ்ஞானிகள் வாயை மூடுவதில்லை. பின்சீட்டில் அவர்கள் அடித்துக்கொள்வதைக் கேட்டுக் கேட்டே உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு ஒருமாதிரி பிடிபட்டது.

நீளமான ஒரு கூடம். அதற்குள் சிலுவை மாதிரி இரண்டு குழாய்கள். லேசர் வெளிச்சம் ஒன்றை அனுப்புவார்கள். நடுவில் இருக்கும் ஒரு கண்ணாடி அதில் பாதியை நேராக விட்டு, பாதியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். இரண்டும் தத்தம் குழாயின் கடைசியில் உள்ள கண்ணாடியில் மோதித் திரும்பி வந்து ஒன்றாகச் சேரும். சேரும் இடத்தில் வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று வரிவரியாகக் கோடு விழும். வெளிச்சமும் வெளிச்சமும் சேர்ந்தால் இருட்டு வரும் என்று முதலில் கேட்டபோது, எங்கள் சித்தப்பாக்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது நினைவுக்கு வந்தது. உடனே புரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் ஊடுருவிப் போகிற ஏதோ ஒரு துகளை அவர்கள் தேடினார்கள். கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. ஆனால் அது கடந்து போகும்போது குழாயின் நீளம் கொஞ்சம் கூடிக் குறையுமாம். கொஞ்சம் என்றால் நாம் நினைக்கிற கொஞ்சம் இல்லை. ஒரு மயிரை லட்சக்கணக்கான இழையாகக் கிழித்து, அதில் ஓர் இழையையும் மறுபடி அப்படியே கிழித்தால் கிடைப்பது. நீளம் மாறினால் கோடுகள் நகரும். கோடுகள் நகர்ந்தால் துகள் இருக்கிறது என்று அர்த்தம். இதற்காகத்தான் அத்தனை கட்டடம், அத்தனை ஆள், என் பஸ்.

இப்படிக் கோடு விழுவதற்குப் புத்தகத்தில் குறுக்கீடு என்று பெயர். மயிரிழைக்கு அந்த வார்த்தையைச் சொல்வதில் தனி ருசி. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்:

"மச்சான், என் வேலையே குறுக்கீடுதான்."

என் தங்கை பரிமாறிக்கொண்டிருந்தாள். "அது தெரியாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தறேன்" என்றாள்.

அவர் விஞ்ஞானி இல்லை. கூடத்துப் பொறுப்பாளர். கண்ணாடிகள் நேராக இருக்கின்றனவா, மேசை மட்டமாக இருக்கிறதா, திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. கெட்டிக்காரர்தான், அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஒரு மேசையோடு நிறுத்திக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய தம்பி சீக்கிரம் செத்துப்போனார். தம்பி மகனை இவர்தான் வளர்த்தார். நான் வளர்த்தேன் என்று இவர் சொல்வார், திருகினார் என்று நான் சொல்வேன். என்ன படிக்க வேண்டும், எந்தப் பக்கம் வகிடு எடுக்க வேண்டும், சைக்கிள் இருக்கை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், எல்லாம் இவர் முடிவு. பிள்ளை வாயைத் திறந்தால் அதிலும் கையை விடுவார் என்று பயந்தோ என்னவோ, அவன் பேசுவதற்கு முன்னால் நாலு தடவை யோசிக்கிற ஆளாக வளர்ந்தான். பஸ்ஸில் அவனுக்கு நிதானம் என்று பெயர்.

நிதானம் படிப்பு முடித்து ஒரு மோட்டார் தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருந்தான். கல்யாணமும் ஆகியிருந்தது. "அங்க என்னடா பண்றே, இங்க வா, என் கண் பார்வையில இரு" என்று அதை விடவைத்து ஆய்வகத்துக்கு இழுத்து வந்தவர் மயிரிழை. தற்காலிக வேலை. தினமும் காலையில் கண்ணாடிகளைச் சரிபார்த்துத் திருகை இறுக்கிவிட்டுக் கூடத்தைப் பூட்ட வேண்டும். அந்த வருஷ முடிவில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. பழைய தொழிற்சாலையில் அவன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. இது போனால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. நல்லவேளையாக வேலையும் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. கண்ணாடியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் யோசிக்காமல் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம்தான் கோடுகள் நகர ஆரம்பித்தன.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கும். சாயங்காலத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். மறுநாளும் அப்படியே. விஞ்ஞானிகளுக்குத் தலைகால் புரியவில்லை. எப்போதும் தொப்பியோடு வருகிற ஒருவர், துகளைக் கண்டுபிடித்தாயிற்று, உலகத்துக்கு அறிவிக்க வேண்டியதுதான் என்று பஸ்ஸிலேயே பாதி உரையை நிகழ்த்தினார். கேட்டவர்களில் பாதிப் பேர் கைதட்டினார்கள். எனக்கும் தட்டலாம் போலிருந்தது. ஸ்டீயரிங்கை விட முடியவில்லை.

ஆய்வகத்தின் தலைவி, எல்லோரும் பெரிய மேடம் என்று சொல்கிற அம்மா, தொப்பிக்காரரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்களாம்.

"ஞாயித்துக்கிழமை நகருதா?"

தொப்பிக்காரர் போய்ப் பார்த்தார். நகரவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையும் நகரவில்லை.

"அந்தத் துகளுக்கு வார விடுமுறை யார் குடுத்தது?" என்றார்களாம் மேடம். "இது வானத்து வேலை இல்ல. நம்ம ஆளுங்க யாரோ செய்யற வேலை. யாருன்னு பாருங்க."

பார்க்கிற பொறுப்பு கூடத்துப் பொறுப்பாளருக்கு வந்தது. அதாவது மயிரிழைக்கு. அவர் நடையே மாறிவிட்டது. தாடையைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொருவர் காலையும் பார்த்துக்கொண்டு நடந்தார். முதல் காரியமாகக் கூடத்துக் கதவில் ஒரு பலகை அடித்தார். அளவு நடக்கும்போது யாரும் உள்ளே நுழையக்கூடாது. 'யாரும்' என்பதைச் சிவப்பில் எழுதினார். பலகை நேராகத் தொங்குகிறதா என்று பார்ப்பதற்கே ஒரு பொழுது போயிற்று.

முதலில் மாட்டியவன் நான்.

"மச்சான், மதியம் நீங்க பஸ்ஸை வாசல்ல கொண்டுவந்து நிறுத்தறீங்க பாருங்க, அந்த எஞ்சின் அதிர்றதுல என் கோடு ஆடுது."

"இத்தனை வருஷமா அங்கதானே நிறுத்தறேன் மாப்பிள்ளை. அப்பல்லாம் கோட்டுக்குத் தெம்பு இருந்துச்சா?"

"உங்களுக்குச் சொன்னா புரியாது. அளவுன்னா என்னன்னு தெரியணும்."

பஸ் வாசலுக்கு வரக்கூடாது என்று உத்தரவு. சாலை முனையில் நிறுத்த வேண்டும். மழைக்காலம். நிறைமாதமாக இருந்த கணக்குப்பிரிவுப் பெண்ணும், முழங்கால் வீங்கிய காவலாளியும், எல்லோரும் சேற்றில் இறங்கி நடந்தார்கள். தொப்பிக்காரரின் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோடுகள் எப்போதும் போல மதியத்துக்கு மேல் நகர்ந்தன.

அடுத்து, பெருக்கித் துடைக்கிற அக்கா. தாழ்வாரத்தில் அவள் வாளியை வைக்கிற அதிர்வுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்.

"நான் வாளியை வெச்சா பூமி ஆடுதுன்னா," என்றாள் அவள், "என்னை எதுக்கு சார் பெருக்க விட்டிருக்கீங்க. எங்கயாவது பெரிய வேலையா குடுங்க."

வாளி பறிபோயிற்று. ஈரத்துணியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, குழாயடிக்கும் தாழ்வாரத்துக்குமாக வெறுங்காலில் அவள் நடையாய் நடந்தாள். போகும்போதும் வரும்போதும் அவர் அறை வாசலில் நின்று, "சார், இப்ப மெதுவா மூச்சு விடறேன், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். கோடுகள் நகர்ந்தன.

மூன்றாவதாக அவர் கண் தன் தம்பி மகன் மேல் விழுந்தது. காலையில் நிதானம் திருகைச் சரியாக இறுக்குவதில்லை, அதனால் வெயில் ஏற ஏறக் கண்ணாடி தளர்ந்து கோடு ஒதுங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை அவன் வருவதில்லை, அதனால் கோடும் நகர்வதில்லை. கேட்பதற்கு அத்தனை அழகாகப் பொருந்தியது. எந்தச் சங்கடமும் இல்லாமல் நேராக மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மேடம் உடனே ஒன்றும் முடிவுகட்டவில்லை. ஆனால் மாதக் கடைசிக்குள் இது நிற்கவில்லை என்றால் நிரந்தரப் பேச்சை எடுக்க முடியாது, இருக்கிற வேலையும் தொடராது என்று நிதானத்திடம் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்த சத்தத்தில் எந்தக் கோடாக இருந்தாலும் நகர்ந்திருக்கும்.

"இருந்த வேலையை விடவெச்சீங்க. இப்ப இந்த வேலைக்கும் உலை வெச்சுட்டு வந்து உக்காந்திருக்கீங்க. அவன் பொண்டாட்டி முகத்தை நான் எப்படிப் பாக்கறது?"

"அளவுக்கு உறவு தெரியாது" என்றார் மயிரிழை, தட்டை இரண்டு கையாலும் மேசை விளிம்புக்கு நேராகத் திருப்பிவைத்துக்கொண்டே. அந்த வாக்கியத்தை வரும் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் சாயங்கால நடையில் நிதானமும் பஸ்ஸில் இருந்தான். கடைசி ஆள் இறங்கும்வரை உட்கார்ந்திருந்து, முன்சீட்டுக்கு வந்தான்.

"மாமா, நான் திருகை ஒழுங்காத்தான் இறுக்கறேன்."

"எனக்குத் தெரியும்டா."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். கூடத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பழுது பார்ப்பதற்காக வைத்தது. அதன் சாவி பெரியப்பாவிடம் இருக்கிறது. நிதானம் பின்பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். இவன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, இவன் இறுக்கியது சரியா என்று பார்க்க, தினமும் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் பெரியப்பா அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறார். மேசைமேல் குனிந்து நிற்கிறார். ஒவ்வொரு கண்ணாடியாக முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிறார். சில நாள் ஒரு திருகை விரலால் தொட்டுப் பார்க்கிறார். பிறகு வெளியே வந்து பூட்டிக்கொண்டு போகிறார்.

"உடம்புச் சூடு போதும் மாமா. ஆள் கிட்ட நின்னாலே அந்தக் காத்து சூடாயிடும், உலோகம் விரியும். அதுதான் நகருது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரேக்கை அழுத்தினேன். பஸ் ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

"அப்புறம் எதுக்குடா பேசாம இருக்கே? திருட்டுத்தனமா உள்ள போயிட்டு உன் தலையில கட்டறாரு."

"திருட்டுத்தனம் இல்ல மாமா. அவர் பொய்யே சொல்லல. யாராவது உள்ள போனாங்களான்னு கேட்டா, போகலைன்னு நெசமாவே நினைக்கறாரு." நிறுத்தி, "வளர்த்தவரு" என்றான்.

இப்படி ஒருவன். அப்படி ஒருவர். இந்த இரண்டு பேருக்கு நடுவில் பிரபஞ்சம் எப்படித் தன் ரகசியத்தைச் சொல்லும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் இறங்கிப் போனான்.

மாதக் கடைசி நெருங்கியது. அந்த வாரத்தில் ஒரு புதன்கிழமை என் மகள் புது வீட்டுக்குக் குடிபோனாள். நானும் லீவு போட்டேன். யாரும் கூப்பிடாமலே மயிரிழையும் லீவு போட்டுவிட்டு ரசமட்டத்தோடு வந்து சேர்ந்தார். கட்டடம் கட்டுகிறவர்கள் தரை மட்டம் பார்க்கிற, உள்ளே நீர்க்குமிழி ஓடுகிற அந்தக் கட்டையை அவர் சட்டைப்பையில் பேனா மாதிரி வைத்திருப்பார்.

அன்று நடந்ததை என் மகள் இன்றுவரை மறக்கவில்லை. பீரோ மாடிப்படியில் பாதியில் நின்றது. கட்டில் எந்தச் சுவரிலும் சேரவில்லை. சுமை தூக்குகிற நாலு பேர் ஃப்ரிட்ஜைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, இவர் குந்தி உட்கார்ந்து தரையில் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு மயிரிழை அந்தப் பக்கம்."

"ஐயா," என்றார் அவர்களில் மூத்தவர், கழுத்து நரம்பு புடைக்க, "எங்க முதுகும் இன்னும் ஒரு மயிரிழைதான் தாங்கும். இறக்கி வெச்சுட்டு அளக்கக்கூடாதா?"

"இறக்கினா அப்புறம் தூக்குவீங்களா?"

"நிச்சயமா மாட்டோம்."

என் மகள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "அப்பா, மாமாவை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, டீ வாங்கிக் குடுங்க, படத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டாள். போக மறுத்துவிட்டார். பொறுப்பு இருக்கிறதாம்.

அன்றைக்கு ஆய்வகத்தில் கோடுகள் நகரவில்லை. காலையில் விழுந்த இடத்திலேயே சாயங்காலம்வரை நின்றன.

மறுநாள் மேடம் எல்லோரையும் திரை இருக்கிற அறைக்குக் கூப்பிட்டார்கள். "யார்மேல எல்லாம் பழி விழுந்துச்சோ அவங்களும் வரட்டும்" என்றார்களாம். அதனால் நான், பெருக்குகிற அக்கா, நிதானம் மூவரும் சுவரோரமாக நின்றோம். விஞ்ஞானிகள் உட்கார்ந்திருந்தார்கள். மயிரிழை முன்வரிசையில் கால்மேல் கால்.

"நேத்து நகரல. நேத்து யார் வரல?" என்று மேடம் கேட்டார்கள்.

மயிரிழை எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்தது. "நான் அப்பவே சொன்னேன் மேடம். நேத்து பஸ் டிரைவர் லீவு. என் மச்சான்தான். சொந்தம்னு நான் பாக்கறதில்ல."

"பஸ்ஸை வேற ஆள் ஓட்டினாரு" என்றது ஒரு குரல்.

அது உண்மை. மாற்றாக வந்த டிரைவருக்கு மயிரிழையின் உத்தரவு எதுவும் தெரியாது. நல்ல மனுஷன், பஸ்ஸை நேராகக் கூடத்து வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் சீட்டில் சாய்ந்து தூங்கியிருக்கிறார். கோடு அசையவில்லை. கணக்குப்பிரிவுப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மேடம் கையிலிருந்த பேனாவை மூடினார்கள். "வேற யாரு லீவு?"

எல்லோரும் மயிரிழையைப் பார்த்தார்கள். மயிரிழையும் சுற்றிலும் பார்த்தார், வேறு யார் லீவு என்று அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

"நீங்களும் லீவுதானே சார்?"

"நானா? ஆமா. குடும்ப வேலை."

"அளவு நடக்கும்போது கூடத்துக்குள்ள யாராவது போறாங்களா?"

"யாரும் போறதில்ல மேடம். பலகையே அடிச்சிருக்கேன்."

எனக்குப் பக்கத்தில் நின்ற நிதானம் வாயைத் திறந்தான், மூடினான். பெருக்குகிற அக்கா முழங்கையால் அவன் விலாவில் ஒன்று வைத்தாள்.

"பெரியப்பா போறாரு மேடம்" என்றான். "தினமும் மதியம். பின்கதவு வழியா."

மயிரிழை திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இல்லை, பிடிபட்ட களை கொஞ்சமும் இல்லை. என்ன முட்டாள்தனமாகப் பேசுகிறான் இவன் என்கிற ஆச்சரியம்தான்.

"டேய், நான் போறதெல்லாம் போறதாடா?"

அறை முழுக்கச் சிரித்தது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து விளக்கினார். நுழையக்கூடாது என்பது மற்றவர்களுக்கு. அவர் கூடத்துப் பொறுப்பாளர். அவர் உள்ளே இருப்பது திருகு இருப்பது மாதிரி, கண்ணாடி இருப்பது மாதிரி. அதை எப்படி ஆள் போவது என்று கணக்கெடுப்பது?

"சரி" என்றார்கள் மேடம். "இப்ப போங்க. தினமும் என்ன செய்வீங்களோ அதைச் செஞ்சுட்டு வாங்க. நாங்க இங்க உக்காந்திருக்கோம்."

சந்தோஷமாகப் போனார். திரையில் கோடுகள் நேராக நின்றன. பின்கதவு திறந்து மூடியிருக்கும். அரை டம்ளர் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கோடுகள் மெதுவாக, சாப்பிட்டுவிட்டுப் புரண்டு படுக்கிறவனைப் போல, ஒரு பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தன. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் தலையை நான் பார்த்தது அன்றுதான்.

மயிரிழை கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். "ஒரு கண்ணாடி லேசா சாய்ஞ்ச மாதிரி இருந்துச்சு, பாத்துட்டேன். இப்ப நேரா நிக்குதா?"

மேடம் திரையைக் காட்டினார்கள். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று நினைத்தேன். தம்பி மகனைத் திரும்பிப் பார்ப்பார் என்றாவது நினைத்தேன். இத்தனை வருஷ உறவில் எனக்கு அவ்வளவுகூடத் தெரியாமல் போயிற்று.

"என் உடம்புச் சூட்டையே கண்டுபிடிக்குதே" என்றார், முகம் மலர. "பாத்தீங்களா மேடம், எவ்வளவு துல்லியமா வெச்சிருக்கேன்னு."

அந்த வருஷத்து அளவு முழுவதும் குப்பைக்குப் போயிற்று. பிரபஞ்சத்தைத் தேடப் போன அத்தனை பேரும் ஒரு மனுஷனுடைய சட்டைக்குள்ளிருந்த சூட்டைத்தான் அத்தனை நாளும் அளந்திருக்கிறார்கள். உலகத்திலேயே மிகக் கவனமாக அளக்கப்பட்ட தண்டம் என்று அவரைச் சொல்லலாம். அதிலும் அவர் பெருமைப்படுவார்.

மேடம் நிதானத்தைத் தனியாக நிறுத்தி வைத்துப் பேசினார்கள். அவனே பிறகு என்னிடம் சொன்னான். பெரியப்பாவாவது தெரியாமல் செய்தார், தெரிந்துகொண்டே சும்மா இருந்த உங்களை என்ன செய்யலாம் என்று கேட்டார்களாம். பிறகு பின்கதவுச் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தார்கள்.

"இனிமே இது உங்ககிட்ட இருக்கும். அளவு நடக்கும்போது யாரையும் விடக்கூடாது. யாரும்னா யாரும்தான். முடியும்னா வேலை நிரந்தரம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, மாசக் கடைசிவரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்வது சுலபம். அவன் கையில் அது எத்தனை நாள் தங்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். என் தங்கையும் அதையேதான் சொன்னாள்: "இவர் கண்ணை உருட்டினா குடுத்துடுவான் அண்ணா."

திங்கட்கிழமை மதியம். பஸ் மறுபடி வாசலுக்கு வந்திருந்தது. கூடத்தின் பின்பக்கம் நிழலாக இருக்கும் என்று அங்கே கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிதானம் மரத்தடியை விட்டுக் கதவுக்கே முதுகைக் கொடுத்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மயிரிழை வந்தார். என்னைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்.

"எந்திரி. சாவியைக் குடு."

"அளவு நடக்குது பெரியப்பா."

"நடக்கட்டும். ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"வேண்டாம்."

"என்னடா வேண்டாம்? மூணாவது கண்ணாடி சாய்ஞ்சிருக்கு. எனக்கு இங்கருந்தே தெரியுது."

நிதானம் சாப்பாட்டை மூடி ஓரமாக வைத்தான். எழுந்து நின்றான். எழுந்து நிற்கும்போது அவன் பெரியப்பாவைவிட உயரம். அவரே அன்றைக்குத்தான் கவனித்திருப்பார்.

"உன்னை யார்டா வளர்த்தது? அப்பன் இல்லாத பிள்ளைன்னு நான் தூக்கிட்டு வரலைன்னா நீ எங்க இருந்திருப்பே?"

"இங்க இருந்திருக்கமாட்டேன்" என்றான். அதற்கு முன்னால் நாலு தடவை யோசித்த மாதிரி தெரியவில்லை.

"தள்ளு."

"தள்ளமாட்டேன் பெரியப்பா."

"கண்ணாடி சாய்ஞ்சு கிடக்குதுங்கறேன்."

"சாய்ஞ்சா சாயட்டும்."

மயிரிழை அவனை மேலும் கீழும் பார்த்தார். காலண்டரைப் பார்ப்பது போல, ஃப்ரிட்ஜைப் பார்ப்பது போல பார்த்தார். எங்கே பிடித்து எந்தப் பக்கம் தள்ளினால் சரியாகும் என்பது பிடிபடவில்லை. விறுவிறுவென்று கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனார். அந்த அறையின் ஜன்னல் எங்கள் பக்கமாகத் திறந்துதான் இருந்தது.

"மேடம், என் தம்பி மகன் பெரியவங்க சின்னவங்கன்னு பாக்கறதில்ல. மரியாதைன்னா என்னன்னே தெரியல அவனுக்கு."

"அதுக்குத்தான் சார் இன்னிக்கிலேருந்து அவரை நிரந்தரமாக்கியிருக்கேன்" என்றார்கள் மேடம்.